தொடர்புக்கு: ஜெசிந்தா

அந்த நாற்காலி வேண்டாம்மா, ஏ.சி. நேரா மண்டையில அடிக்கும். இப்படி வாங்க, இங்க உட்காருங்க. ரெண்டு மணியிலேர்ந்து இருக்கேன், இந்த ரிசப்ஷன்ல எந்த நாற்காலி எப்படின்னு எனக்கு இப்போ அத்துப்படி. இன்டர்வியூவா? ஃபைலைப் பிடிச்சிருக்கிற விதத்திலேயே தெரியுது. நெஞ்சோட சேர்த்துப் பிடிக்காதீங்க, பயந்த மாதிரி இருக்கு. மடியில வைங்க. ஆங், அப்படித்தான். இப்போ ஆளே மாறிட்டீங்க பாருங்க.

தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இது ஒரு வியாதி. யாரைப் பார்த்தாலும் ஒரு படி மேல ஏத்தி விடணும்னு கை பரபரக்கும். என் பேரு தேசிகாமணி. இருபத்தொன்பது வருஷமா பி.ஆர். தொழில். ஒரு கம்பெனி ஊர்ல எப்படித் தெரியணுமோ அப்படித் தெரிய வைக்கிற வேலை. பேப்பர்ல படிப்பீங்கல்ல, 'இந்த வெற்றி எங்கள் ஊழியர்களையே சேரும்னு நிர்வாக இயக்குநர் நெகிழ்ச்சியுடன் கூறினார்'னு. அவர் கூறியிருக்கமாட்டார். நான் எழுதி அனுப்புவேன், அவர் கார்ல போய்க்கிட்டே ஓகேன்னு ஒரு மெசேஜ் போடுவார். நெகிழ்ச்சியும் என்னோடதுதான். அதான் எங்க வழக்கம்.

ஒரு நிமிஷம் இருங்க. ஏம்மா, மேடம் மீட்டிங் முடிஞ்சுதா? இன்னும் இல்லையா. அந்தக் கவரை உள்ள கொடுத்தீங்கல்ல? அஞ்சு மணிக்குள்ள வேணும்னு சொன்னீங்கல்ல? சரி, சரி, சொல்லிட்டீங்க. நான் சும்மா கேட்டேன்.

அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தாலே கம்ப்யூட்டர்க்குள்ள தலையை விட்டுக்குது. ஏழாவது தடவை எழுந்து போய்க் கேட்டாச்சு. உட்கார முடியலம்மா, என்ன பண்றது. மணி என்ன உங்க போன்ல? மூணே முக்காலா. என் வாட்ச்ல மூணு நாற்பத்தெட்டு.

பாருங்க, இது வேற. காலையிலேர்ந்து ஒரே நம்பர், அஞ்சாவது தடவை. லோன் வேணுமா சார்னு கேட்பான். கட் பண்ணிட்டேன்.

என்ன விஷயம்னா, எங்க தொழில்காரங்களுக்கு ஒரு சங்கம் இருக்கு. இந்த வருஷம் புதுசா ஒரு விருது ஆரம்பிச்சிருக்காங்க, அடுத்தவங்களை வளர்த்து விட்ட ஆளுக்கு. கேள்விப்பட்ட உடனே ஆபீஸ்ல எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாங்க. சரி, ரெண்டு பேர் பார்த்தாங்க. அதுக்கு, நாம வளர்த்து விட்டவங்க மூணு பேர்கிட்ட லெட்டர் வாங்கி அனுப்பணும். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி கடைசி. ரெண்டு கையில இருக்கு. ஒருத்தன் பெங்களூர்ல இருக்கான், இன்னொருத்தன் துபாய்ல. நான் லெட்டரை எழுதி அனுப்பினேன், ஒரு மணி நேரத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க. துபாய்க்காரன் படிக்கவே இல்லைன்னு நினைக்கிறேன், அவன் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, அப்படியே வந்திருக்கு.

என்னம்மா அப்படிப் பார்க்கறீங்க. ஆமா, நான்தான் எழுதினேன். என்னைப் பத்தி அவங்க மனசுல என்ன இருக்குன்னு அவங்களைவிட எனக்கு நல்லா எழுத வரும்.

மூணாவது லெட்டருக்குத்தான் இங்க தவம் கிடக்கேன். இந்தக் கம்பெனிக்கு மக்கள் தொடர்புத் தலைவி, உள்ள கண்ணாடி ரூம்ல இருக்கா பாருங்க, ஜெசிந்தா. இருக்காங்கன்னு சொல்லணும் இப்போ. என் கைக்குக் கீழே மூணு வருஷம் இருந்த பொண்ணு. மெயில் அனுப்பி ஒரு வாரம் ஆச்சு, பதில் இல்லை. நேத்து போன் பண்ணினேன், 'வாங்க சார், நேர்ல தர்றேன்'னா. வந்தாச்சு, நான் எழுதி வெச்ச லெட்டரைக் கவர்ல போட்டு உள்ள அனுப்பியாச்சு.

ஒரு லெட்டருக்கா இவ்வளவு ஆட்டம்னு நினைப்பீங்க. சொல்லிடறேன், உங்களுக்கென்ன, இன்னும் கொஞ்ச நேரத்துல எழுந்து போயிடுவீங்க. நான் இப்போ இருக்கிற பி.ஆர். கம்பெனி, நானே ஆரம்பிச்சதும்மா. மூணு வருஷம் முன்னாடி மும்பைக்காரங்க வாங்கினாங்க. போன மாசம் என் ரூமை எடுத்துட்டாங்க. 'ஆலோசகர்'னு ஒரு கார்டு அடிச்சுக் கொடுத்து, எங்க வேணாலும் உட்காரலாம் சார்னாங்க. எங்க வேணாலும்னா எங்கேயும் இல்லைன்னு அர்த்தம். இருபத்தொன்பது வருஷத்துல அடுத்தவன் பேரையும் படத்தையும் பேப்பர்ல கொண்டுவந்து கொண்டுவந்து, என் பேரு ஒரு தடவை வந்ததில்லை. எங்க தொழில்ல வரவும் கூடாது. கடைசியா ஒரு தடவை வரட்டுமே. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு இது வேணும்மா. ரொம்ப வேணும்.

தண்ணி குடிக்கறீங்களா? நான் போய் எடுத்துக்கறேன். நீங்க உட்காருங்க.

உங்க ரெஸ்யூமைக் கொடுங்க பார்க்கலாம். அட, கொடுங்கம்மா, கடிச்சுத் திங்கவா போறேன். பேரு தாட்சாயணி. நல்ல பேரு. பி.காம்., நாலு வருஷ வேலை, அப்புறம்... இதென்ன, 'ஆறு ஆண்டுகள் மாமியாரின் நோய் காரணமாக வீட்டில் இருந்தேன்.' இதை யாராவது எழுதுவாங்களா? உண்மைதான், உண்மையில்லைன்னு சொன்னேனா. உண்மையை எல்லாம் ஒரு பக்கத்துல கொட்டினா அடுத்த பக்கத்துக்கு என்ன வைப்பீங்க? இதை வெட்டறேன். 'நீண்டகால சுகாதாரப் பராமரிப்பு நிர்வாகம்.' பார்த்தீங்களா. அதே ஆறு வருஷம்தான், அதே மாமியார்தான், இப்போ நிமிர்ந்து நிக்குது. இதையும் வெட்டுங்க. இதையும்.

ஒரே காப்பியா? முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா. நான் என்ன கண்டேன். சரி, முகத்தை அப்படி வைக்காதீங்க. சிவப்புக் கோடு இருந்தா நல்லதுதான், உங்க மேல ஒருத்தர் அக்கறை எடுத்திருக்காருன்னு தெரியும். ஜெசிந்தாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.

அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சேன். தூத்துக்குடிப் பொண்ணு. இருபத்திமூணு வயசுல வந்தா. ஜெஸ்ஸின்னு வெச்சுக்கோ, கிளையன்ட் வாயில சுலபமா நுழையும்னேன். 'என் பேரு ஜெசிந்தா சார்'னா. அவ்வளவுதான், முடிஞ்சுது. எழுதினா நீளமா எழுதுவா. எத்தனை பேரு, எந்த ஊரு, எத்தனை மணின்னு ஒண்ணு விடமாட்டா. நான் சிவப்புப் பேனாவை எடுத்து வெட்டு வெட்டுன்னு வெட்டுவேன். முதல் மாசமெல்லாம் பாத்ரூம் போய் அழுதுட்டு முகம் கழுவிட்டு வருவா. ஆறாவது மாசம் அழறதை நிறுத்திட்டா. அதுதான் வளர்ச்சி. வளர்றவங்களுக்குத் தெரியாதும்மா அது, பக்கத்துல இருந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

எங்க தொழில்ல ஒரு விஷயம் உண்டு. செய்திக் குறிப்புன்னு ஒரு காகிதம் தயார் பண்ணி எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்புவோம். நாளைக்கு நடக்கப்போற விழாவுக்கு இன்னைக்கே எழுதிடுவோம். 'விழா சிறப்பாக நடைபெற்றது. திரளானோர் கலந்துகொண்டனர்.' திரளானோர் அப்போ வீட்ல தூங்கிக்கிட்டு இருப்பாங்க. அது பொய் இல்லை. பேப்பர் ஜனங்க கைக்குப் போறப்போ அது நடந்திருக்கும். அந்தக் காகிதத்துக்கு அடியில 'தொடர்புக்கு'ன்னு போட்டு ஒரு பேரும் போன் நம்பரும் இருக்கும். அது அச்சுல வராது. நிருபர்களுக்கு ஏதாவது சந்தேகம்னா அந்த நம்பருக்குக் கூப்பிடுவாங்க. எப்பவும் என் பேருதான் போகும்.

ஒன்பது வருஷம் முன்னாடி, மாம்பழ சீசன். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் போடற கம்பெனி ஒண்ணு நமக்கு கிளையன்ட். பேரு வேண்டாம். மறுநாள் பத்திரிகைக்காரங்களை ஆலைக்குக் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு, அதுக்காக ஜெசிந்தா முதல் நாளே அங்க போயிருந்தா. காலையில பத்து மணிக்கு அவகிட்டேர்ந்து போன். 'சார், குளிர்பதன ரூம்ல கேஸ் கசிஞ்சிடுச்சு. பதினொரு பொம்பளைங்களைத் தூக்கிட்டுப் போறாங்க. எல்லார் பேரையும் எழுதி வெச்சிருக்கேன்'னா. நான் பதறவே இல்லை. 'முதல்ல ஒரு குறிப்பு எழுதி அனுப்பு'ன்னேன். அரை மணி நேரத்துல அனுப்பினா. பதினொரு பேரு, ஒவ்வொருத்தரா பேரு, வயசு, எந்த ஆஸ்பத்திரி, வீட்டு ஆளுங்க யாரைக் கேட்கணும், எல்லாம் இருந்தது. ரோல் நம்பர் போட்ட பரீட்சை ரிசல்ட் மாதிரி இருந்தது.

வெட்டினேன். மூணு வரி. 'ஆலையில் ஏற்பட்ட சிறு கசிவால் பெண் ஊழியர்கள் சிலருக்கு லேசான மயக்கம் ஏற்பட்டது. முதலுதவிக்குப் பின் அனைவரும் வீடு திரும்பினர். நிலைமை கட்டுக்குள் உள்ளது.' படிச்சுட்டுக் கேட்கறா, 'சார், யாரும் வீடு திரும்பலையே.' நான் சொன்னேன், 'திரும்பிடுவாங்கம்மா. காலையில பேப்பர் வர்றப்போ எல்லாரும் வீட்ல காப்பி குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. நாம எப்பவும் எழுதறதுதானே.' அப்படித்தான் ஆச்சு. பத்துப் பேரு திரும்பிட்டாங்க.

அடியில பேரு போடணும்ல. அப்போதான் எனக்குத் தோணிச்சு, இந்தப் பொண்ணு எத்தனை நாளைக்கு என் நிழல்லயே நிக்கும்? 'இன்னைக்கு தொடர்புக்குன்னு உன் பேரைப் போடு, உன் நம்பரைப் போடு'ன்னேன். 'எப்பவும் உங்க பேருதானே சார்?' 'இது உனக்கு ஒரு வாய்ப்பு, பெரிய பெரிய நிருபர்களுக்கெல்லாம் உன் பேரு தெரியும். பயப்படாதே, யாரும் கூப்பிடமாட்டாங்க.' அப்படித்தான் நான் ஆளுங்களை வளர்க்கிறது. தண்ணியில தள்ளி விட்டாத்தானே நீச்சல் வரும்.

மறுபடியும் அதே நம்பர். ஆறாவது தடவை. இவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா?

எங்க விட்டேன்? பத்துப் பேரு. ஆமா. ஒருத்திதான் திரும்பலை. மறுநாள் சாயங்காலம் தவறிட்டா. தவமணியோ என்னமோ பேரு. ஏற்கெனவே மூச்சுக் கோளாறு இருந்ததுன்னு கம்பெனியில சொன்னாங்க. கஷ்டமாத்தான் இருந்தது, நானும் மனுஷன்தானே. ஆனா அந்தக் குறிப்பு போனப்போ அவ உயிரோட இருந்தா. அதை யாரும் யோசிக்கறதில்லை.

அவ புருஷன் லாரி டிரைவர். அன்னைக்கு கர்னூல்ல லோடு இறக்கிக்கிட்டு இருந்திருக்கான். பொண்டாட்டிக்கு போன் பண்ணியிருக்கான், அவ போன் ஆலை லாக்கர்ல பூட்டிக் கிடக்கு. யாரோ போன்ல செய்தியைக் காட்டியிருக்காங்க. 'அனைவரும் வீடு திரும்பினர்.' சரி, வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான்னு நினைச்சுக்கிட்டு, வண்டியைத் திருப்பாம ஹைதராபாத்துக்கு அடுத்த லோடு ஏத்தப் போயிட்டான். அன்னைக்கே திரும்பியிருந்தா விடியறதுக்குள்ள வந்திருக்கலாம், ஒரு பகல் முழுக்க கூட இருந்திருக்கலாம், பேசியிருக்கலாம். அந்தப் பொம்பளைக்குக் கடைசி வரைக்கும் நினைவு இருந்ததாம். அதெல்லாம் ஜெசிந்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன்னா, யாரோ நிருபர்கிட்டேர்ந்து நம்பரை வாங்கி அந்த ஆளு அவளைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டான்.

திட்டறதெல்லாம் இல்லையாம். ஒரே கேள்விதானாம். 'வீடு திரும்பினர்னு எழுதினது யாரும்மா?' அவ்வளவுதான். தினமும் கேட்பானாம். இவ பாட்டுக்கு போனை எடுத்து, அவன் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. 'நம்பரை மாத்து'ன்னேன். மாட்டேன்னுட்டா. என் பேரையும் சொல்லலை. அது ஒண்ணு பாராட்டணும், கிளையன்ட் ரகசியத்தை எப்படிக் காக்கணும்னு நான் கொடுத்த பயிற்சி. ரெண்டு மாசத்துல வேலையை விட்டுட்டா. கேக் வெட்டி, நானே பேசி, நல்லாத்தான் அனுப்பி வெச்சேன். அவ ஒரு வாய் கேக் சாப்பிடலை, டயட்டுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் ஒரு தீபாவளிக்குக்கூட வாழ்த்து இல்லை. ஒன்பது வருஷம். அந்த நம்பரை மட்டும் இன்னைக்கு வரைக்கும் மாத்தலை. நேத்து அதுலதான் கூப்பிட்டேன்.

ஆனா இன்னைக்கு எங்க இருக்கா பாருங்க. எப்படி வந்தா? அந்த ஒரு நாள்தான். அதை நான் லெட்டர்லயே எழுதியிருக்கேன். இருங்க, காப்பி பைல இருக்கு, படிச்சுக் காட்டறேன். 'நான் இன்று நிற்கும் உயரம் அவர் தோள் கொடுத்த உயரம்.' இது தொடக்கம். நடுவுல, 'ஒரு தந்தையின் கண்டிப்பும் தாயின் கனிவும் ஒருங்கே கொண்டவர்.' அப்புறம் இதுதான் முக்கியமான இடம், கேளுங்க. 'நெருக்கடியான ஒரு நாளில், தன் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் போட்டு என்னை முன்னால் நிறுத்தினார்.' இதை எழுதறப்போ எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. வேற எந்த மேலதிகாரி செய்வான் சொல்லுங்க?

ஏன் ஃபைலை மறுபடியும் நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுட்டீங்க. இன்டர்வியூ பயம். இருக்கட்டும்.

நாலு முப்பது. அந்தப் பொண்ணு எழுந்திரிக்குது. கையில கவர். நமக்குத்தான்னு நினைக்கிறேன். தேங்க்ஸ்மா, ரொம்ப தேங்க்ஸ். மேடம் வெளியில வரலையா? பரவாயில்லை, பரவாயில்லை, வேலை இருக்கும்.

நீங்க பிரிச்சுக் கொடுங்களேன். பார்த்து, கிழிச்சுடாதீங்க.

கையெழுத்து போட்டிருக்கா. பார்த்தீங்களா, கையெழுத்து போட்டிருக்கா. ஜெசிந்தா, தேதி, கம்பெனி சீல். நான் சொன்னேன்ல, மறக்கமாட்டான்னு. வெட்டியிருக்கா, கொஞ்சம் வெட்டியிருக்கா. சிவப்புப் பேனா. சிரிப்பு வருது எனக்கு, என்கிட்ட கத்துக்கிட்டது என்கிட்டயேவா. தோள் கொடுத்த உயரம், போச்சு. தந்தை, தாய், போச்சு. இந்தப் பத்தி முழுக்க. இதுவும். சரி, எது மிச்சம்? 'நெருக்கடியான ஒரு நாளில், தன் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் போட்டு என்னை முன்னால் நிறுத்தினார்.' அவ்வளவுதான். அதுக்கு நேரே கீழே கையெழுத்து. ஒரு வரிதான், ஆனா நல்ல வரி. பக்கத்துல 'இது உண்மை'ன்னு வேற எழுதியிருக்கா. போதும். கமிட்டிக்கு ஒரு வரி போதும். போன்லயே படம் எடுத்து அனுப்பிடலாம், இன்னும் அரை மணி நேரம் இருக்கு.

அடியில என்னமோ எழுதியிருக்கா. பொடி எழுத்து. கண்ணாடி, கண்ணாடி எங்க வெச்சேன்.

'சார், தவமணியின் கணவர் மாதையன் இப்போதும் என்னைக் கூப்பிடுகிறார். மாதத்துக்கு ஒரு தடவை. எழுதியது யார் என்று ஒன்பது வருடமாக நான் சொன்னதில்லை. நேற்று நீங்கள் போன் வைத்த பிறகு சொல்லிவிட்டேன். உங்கள் நம்பரையும் கொடுத்திருக்கிறேன். இன்று காலையிலிருந்து கூப்பிடுவதாகச் சொன்னார்.'

ம்.

இல்லைம்மா, ஒண்ணும் இல்லை. ஏ.சி.தான்.

ஆறு தடவை கட் பண்ணியிருக்கேன். லோன்காரன்னு நினைச்சேன், உங்க எதிர்லதானே சொன்னேன். நீங்களே சாட்சி.

பேசலாம். பேசமாட்டேன்னு சொல்லலையே. ஆனா எடுத்த உடனே என்னன்னு ஆரம்பிக்கிறது? கலெக்டர்லேர்ந்து கம்பெனி முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் என்ன பேசணும்னு எழுதிக் கொடுத்தவன் நான். இப்போ ஒரு வரி வரமாட்டேங்குது. அந்த ஆளு அப்படி என்ன கேட்டான், ஒரே ஒரு கேள்வி. நான்தான்னு சொன்னா முடிஞ்சுது. சொல்லிட்டு, அதுக்கு அப்புறம்? அதுக்கு அப்புறம் அவன் பேசாம இருந்தான்னா என்ன பண்றது? எனக்கு பயமா இருக்கும்மா. ஜெசிந்தா எப்படி இத்தனை வருஷம் எடுத்தா?

அடிக்குது பாருங்க. அதே நம்பர்.

தாட்சாயணிம்மா, உங்களை இன்னும் கூப்பிடலையே, நேரம் இருக்குல்ல. இதைக் கொஞ்சம் நீங்க எடுங்களேன். சார் மீட்டிங்ல இருக்கார், அப்புறம் பேசுவார்னு சொன்னா போதும். உங்க பேரைக் கேட்டா சொல்லுங்க, தப்பில்லை. உள்ள போறதுக்கு முன்னாடி உங்களுக்கும் ஒரு நல்ல பழக்கம், குரல் தெளிஞ்சிடும். இந்தாங்க, பிடிங்க. பயப்படாதீங்க, அவர் ஒண்ணும் கேட்கமாட்டார்.